கேஷ் என்பது நம் காசு தானா?

"கேஷா, ஜிபேயா?" என்று கடைக்குக் கடை கேட்கிறார்கள். இந்த கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் தமிழ்க் காசிலிருந்து தான் பிறந்தது என்று பலரும் பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மை என்ன? பாதி சரி, பாதி தவறு!

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ்கள் உண்டு.

முதலாவது, கணக்குப்பதிவியலில் கேஷ் புக், கேஷ் அக்கவுண்ட் என்று வருவது. லத்தீனில் கப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியில் கஸ்ஸா ஆகி, பிரெஞ்சிலும் புழங்கி, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்த சொல், பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தையே குறிக்கத் தொடங்கியது. அந்தப் பெட்டியைக் காப்பவர் கேஷியர். இதில் தமிழுக்குப் பங்கில்லை.

இரண்டாவது கேஷ் தான் நம்முடையது. ராஜராஜ சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே காசு இருக்கிறது. கடல் கடந்து வந்த போர்ச்சுகீசியர் அதைத் தங்கள் மொழியில் 'கைஷா' என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! குழப்பம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது. அடுத்து வந்த ஆங்கிலேயர் அதை கேஷ் ஆக்கினர்.

சென்னை ராஜதானியில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 கேஷ். 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கிலாந்தில் அடித்த 10 கேஷ், 20 கேஷ் செப்புக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. 1818-இல் ரூபாய் வந்ததும் இந்தக் கணக்கு முடிந்தது. ஆனால் சொல் சாகவில்லை. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக் காசுக்கும் ஆங்கிலேயர் கேஷ் என்றே பெயர் வைத்தனர்!

இதற்கு நேர்மாறான பயணத்தைப் பார்க்க பள்ளிப்பட்டு பக்கம் போனால் போதும். சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்த ஊர் இது. இங்கே தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். தமிழில் 8 கிராம் தங்கம் ஒரு சவரன். அது 'சாவரின்' என்ற ஆங்கிலத் தங்க நாணயத்தின் பெயர். சாவரின் என்றால் அரசர். அதே 8 கிராமுக்குத் தெலுங்கில் உள்ள பெயர் என்ன தெரியுமா? காசு! தமிழன் ஆங்கிலச் சொல்லால் தங்கம் வாங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் பழைய காசு இன்னும் செல்லுபடியாகிறது.

ஆக, ஓசை ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது. எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். கேஷ் கவுண்டரில் இருப்பது நம் காசு அல்ல. ஆனால் சீனா வரை போன கேஷ் நம் காசு தான். இல்லாத பெருமையைத் தேடுவானேன்? இருக்கும் பெருமையே போதுமே!