பளபளக்கும் காசுக்கு உண்மையில் என்ன விலை? ஒரு நாணய வரலாறு

"டாக்டர், மின்ட்ல ஆர்டர் பண்ணி வாங்கின வெள்ளிக் காசு செட் இருக்கு. இன்னும் இருபது வருஷம் வச்சிருந்தா எவ்வளவு போகும்?"

சுகர் மாத்திரை எழுதி முடிக்கும்போது இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது? எனக்கு நாணயம் சேர்க்கும் பழக்கம் உண்டு என்பது திருவண்ணாமலையில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் விரிவாகவே எழுதிடறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

முதலில், இந்த "ஸ்பெஷல் ஃபினிஷ்" என்றால் என்ன?

சாதாரணக் காசை மெஷின் ஒரே அடியில் அச்சடித்து சாக்கில் கொட்டிவிடும். "ப்ரூஃப்" காசு அப்படி இல்லை. அச்சையும் பாலிஷ் போடுவார்கள், வெறும் வில்லையையும் பாலிஷ் போடுவார்கள். ஒரு தடவைக்கு மேல் மெதுவாக அழுத்தி அடிப்பார்கள். அதனால் தளம் கண்ணாடி மாதிரி இருக்கும், தலையும் எழுத்தும் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகத் தெரியும். கடையில் செலவழிக்க அல்ல, வச்சுப் பார்க்கத்தான்.

இதில் உலகப் புகழ் பெற்றது 1839 தேதியிட்ட இங்கிலாந்தின் 5 பவுண்டு தங்கக் காசு. விக்டோரியா ராணி சிங்கத்தை நடத்திச் செல்வது போன்ற உருவம். செதுக்கியவர் வில்லியம் வயன். அடித்ததே சுமார் 400தான். இன்று ஏலத்தில் கோடிகளில் போகிறது.

அதே வயனின் கைவேலை உங்கள் பாட்டி வீட்டிலும் இருக்கலாம்! 1840 என்று தேதி போட்ட விக்டோரியா ஒரு ரூபாய் வெள்ளிக் காசு. தலையின் உருவம் அவர் செதுக்கியதுதான். பெரும்பாலான காசுகளில் ராணியின் கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில் "டபிள்யூ டபிள்யூ" என்று பொடி எழுத்து இருக்கும். எடை 11.66 கிராம், அதில் 12க்கு 11 பங்கு வெள்ளி. ஆனால் அதை லட்சக்கணக்கில் அடித்தார்கள். அதனால் வெள்ளி விலைக்கு மேலே கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரே கலைஞர், ஒரே ராணி, ஏறக்குறைய ஒரே காலம். ஒன்று கோடி, இன்னொன்று சில ஆயிரம். இப்போ புரியுதா, விலையை அழகு மட்டும் தீர்மானிப்பதில்லை?

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம்.

குடியரசான 1950லேயே பம்பாய் நாணய ஆலை ஒரு ப்ரூஃப் செட் போட்டது. ஒரு ரூபாயிலிருந்து ஒரு பைசா வரை ஏழு காசுகள். மிகக் குறைவான எண்ணிக்கை. இன்று முழு செட்டாகக் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

1969ல் காந்தி நூற்றாண்டுக்கு வெள்ளி 10 ரூபாய் வந்தது. 15 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி, அதாவது 12 கிராம் சுத்த வெள்ளி. சாதாரண வடிவில் லட்சக்கணக்கில் அடித்தார்கள், ப்ரூஃப் வடிவில் சில ஆயிரம் மட்டும். பம்பாய் ப்ரூஃப் காசுகளில் அப்போது "பி" என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஊர்ப் பெயர் மும்பை ஆனபிறகு அது "எம்" ஆனது. வாங்கும்போது முதலில் இதைப் பாருங்க. சாதாரணக் காசைத் துணியால் தேய்த்து "ப்ரூஃப் சார்" என்று விற்பவர்கள் உண்டு.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. வெள்ளைக்காரன் காலத்து ப்ரூஃப் காசு என்று ஒருவர் பெருமையாகக் காட்டுகிறார். தேதி 1862. ஆனால் கல்கத்தா, பம்பாய் ஆலைகளில் பழைய அச்சுகளை வைத்து, சேகரிப்பாளர்கள் கேட்டால் 1970 வரை புதிதாக அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, அந்த 1862 காசு நேரு காலத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம். போலி இல்லை, அரசு ஆலையே அடித்ததுதான். ஆனால் அசலின் விலை இதற்குக் கிடைக்காது.

2010ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக 1000 ரூபாய் காசு வந்தது. 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. பிறகு எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர், கலைஞர் என்று நம்மவர்கள் வரிசையாக வந்தார்கள். கூடவே நாடு முழுக்க வேறு பல தலைவர்கள், நிறுவனங்கள், ஆண்டு விழாக்கள். இப்போ வருஷத்துக்கு எத்தனை செட் வருகிறது என்று கணக்கு வைப்பதே ஒரு வேலை.

சிக்கல் இங்கேதான். 1969 காந்தி காசை நிறைய பேர் செலவழித்தார்கள், உருக்கினார்கள், தொலைத்தார்கள். இன்றைய செட்டை யாருமே தொலைப்பதில்லை. பெட்டி, சான்றிதழ் எல்லாம் பத்திரமா பீரோவில் தூங்குகிறது. எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் எப்படி அரிதாகும்?

அமெரிக்காவில் இது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. 1936ல் அங்கே ப்ரூஃப் செட் 3,837 மட்டும் விற்றது. இன்று ஒவ்வொன்றும் பல ஆயிரம் டாலர். அதைப் பார்த்து ஆசைப்பட்டு எல்லோரும் வாங்க ஆரம்பித்தார்கள். 1964ல் விற்றது 39 லட்சத்துக்கும் மேல். அறுபது வருஷம் ஆகியும் அதன் விலை அதிலுள்ள வெள்ளியை ஒட்டியே நகர்கிறது. 1964ல் தொடங்கிய ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் கம்பெனி வெள்ளிப் பதக்கங்களை ப்ரூஃப் பளபளப்பில் விற்றது. 1978ல் ஒரு டிவி நிகழ்ச்சி, இதை விற்கப் போனால் உலோக விலைதான் கிடைக்கும் என்று போட்டு உடைத்தது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை எகிறியபோது பலர் அவற்றை உருக்கவே கொடுத்துவிட்டார்கள்.

எங்க ஊர் உதாரணமும் சொல்றேன். ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்து ஆண்டவன். (அவனுக்குப் பிள்ளை இல்லை என்று அண்ணாமலையாரே மாசி மாதம் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. தெரியாதவர்கள் ஒருமுறை வந்து பாருங்க.) பக்கத்தில் படவேட்டிலிருந்து ஆண்ட சம்புவராயர்களுக்கு "வீரசம்பன் குளிகை" என்றொரு காசு. இவற்றை யாரும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடவில்லை. சந்தையில் புழங்கியது, வரியாகப் போனது, உருகியது, மண்ணில் புதைந்தது. மிச்சம் இருப்பது கொஞ்சம். அதனால்தான் அந்தத் தேய்ந்த துண்டுக்கு ஆய்வாளரும் சேகரிப்பாளரும் போட்டி போடுகிறார்கள்.

சமீபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பத்து வருஷமாக ஒவ்வொரு வெளியீட்டையும் வாங்கியிருக்கிறார். பேத்தியின் கல்லூரி ஃபீஸுக்கு ஆகும் என்ற கணக்கு. வியாபாரியிடம் காட்டினால், அவர் கொடுத்த விலையில் பாதியைச் சொல்கிறார்கள். ஆலை திரும்ப வாங்கிக்கொள்ளாது. கூடவே ஒரு துக்கம்: வெள்ளி கறுத்துவிட்டதே என்று அம்மா விபூதி போட்டுத் தேய்த்துவிட்டாராம்.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீங்க. குத்துவிளக்குக்கு விபூதி, புளி சரி. ப்ரூஃப் காசின் கண்ணாடித் தளத்தில் பொடி பட்டால் ஆயிரம் மெல்லிய கீறல் விழும். அதற்கு வைத்தியம் கிடையாது. கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வது. அதை அப்படியே விட்டாலும் சேகரிப்பாளர் வாங்குவார், தேய்த்ததை வாங்க மாட்டார். விரலால் தளத்தைத் தொடாதீங்க, வியர்வை உப்பு ரேகையாகப் பதிந்துவிடும். ஓரத்தைப் பிடிங்க. மெத்தென்ற பி.வி.சி. கவர் வேண்டாம், அது நாளாக நாளாக பச்சைப் பிசுக்கு விடும்.

அப்போ வாங்கவே கூடாதா? வாங்குங்க. எம்.எஸ். பாட்டு பிடிக்குமா, அந்தக் காசை வாங்குங்க. பிடித்ததற்குக் கொடுத்த காசாக அதைக் கணக்கு எழுதுங்க. ஃபீஸுக்கும் ஆபரேஷனுக்கும் தனியாகச் சேமியுங்க.

கடைசியாக ஒன்று. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் காசுக்கு லட்சங்கள் தருவதாக போன் வந்தால் உடனே கட் பண்ணுங்க. அது 2012ல் ஏராளமாக வந்த புழக்கக் காசு. "ரிசர்வ் வங்கி கமிஷன், முன்பணம்" என்பார்கள். அப்படி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

1840 ரூபாய் வைத்திருப்பவர்கள் ராணியின் கழுத்தடியை க்ளோசப்பில் எடுத்து கமெண்ட்டில் போடுங்க. எழுத்து இருக்கா இல்லையா பார்ப்போம். தேய்க்காம எடுங்க!