குமரிமுனை, களக்காட்டின் அருகிலிருந்து (டேனியல் அச்சோவியம்)

குமரிமுனை, களக்காட்டின் அருகிலிருந்து: ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியல் (1749-1840), அவர் சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் (1769-1837) இருவரும் உருவாக்கிய நிலக்காட்சி அச்சோவியம். 'ஓரியண்டல் சீனரி' வரிசையின் 'இருபத்துநான்கு நிலக்காட்சிகள்' தொகுதியில் (1807) இடம்பெற்றது. குமரி நிலத்தின் பெயரைத் தாங்கிய தொடக்ககால ஐரோப்பிய அச்சுப்படங்களில் ஒன்று. வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் மங்கிய நிலையில் கிடைக்கும் இத்தகைய படங்களை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

டேனியல்கள் 1786-ல் கல்கத்தா வந்தனர். வடஇந்தியப் பயணத்திற்குப் பின் 1792-93-ல் சென்னையிலிருந்து தெற்கே மதுரை, திருநெல்வேலிப் பகுதிகள் வரை சென்றனர். வழியில் எடுத்த கோட்டோவியங்களுடன் 1794-ல் இங்கிலாந்து திரும்பினர். அவற்றைக் கொண்டு 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டனர். முழு வரிசையின் விலை 210 பவுண்டு. செல்வந்தர்களால் மட்டுமே வாங்க முடிந்த விலை அது.

படமும் இடமும்

தலைப்பைக் கண்டு முக்கடலையும் பாறைகளையும் எதிர்பார்ப்பவருக்குப் படம் வேறொன்றைக் காட்டுகிறது. அதில் முதன்மை பெறுவது மலை. களக்காடு இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. கன்னியாகுமரிக்கு நேர் வடக்கே ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவு. இரண்டிற்கும் இடையே மகேந்திரகிரி எழுந்து நிற்கிறது. மலைத்தொடரின் தென்கோடி முழுவதையுமே ஓவியர்கள் குமரிமுனை என்று குறித்தனர்.

நாஞ்சில்நாடு அந்த மலைக்கு மறுபுறம் உள்ளது. அன்று அது திருவிதாங்கூர் அரசின் பகுதி. ஆண்டவர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. களக்காடு அமைந்த திருநெல்வேலிச் சீமை ஆற்காடு நவாபுக்கு உரியது. இரு நிலங்களையும் இணைத்த முதன்மையான வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆகவே இப்படத்தை நாஞ்சில்நாட்டின் காட்சியாகக் கொள்ள முடியாது. வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த நிலத்தின் மலைமதிலைக் கிழக்கிலிருந்து பார்த்த பதிவு என்றே கொள்ளவேண்டும்.

அச்சுமுறை

இது அக்வாடிண்ட் முறையில் உருவானது. செப்புத்தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். பின் அமிலத்தில் இடும்போது தூள்களுக்கு இடையே உள்ள செம்பு அரிக்கப்படும். அரிப்பு நேரத்திற்கேற்ப நிழலின் அடர்த்தி கூடும். மைதடவி ஈரத்தாளில் அழுத்தி அச்சிட்டபின் நீர்வண்ணத்தைக் கையால் தீட்டுவார்கள். அதனால் ஒரே தகட்டின் இரு படிகள் நிறத்தில் முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

மதிப்பிடும் முறை

உருப்பெருக்கியில் நோக்கினால் மூலப்படியில் ஒழுங்கற்ற, வலைபோன்ற மணிமணியான அமைப்பு தெரியும். சீரான வரிசையில் வண்ணப்புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆப்செட் நகல். தகடு அழுந்திய தடம் படத்தைச் சுற்றி இருப்பது நல்ல சான்று. ஆனால் விளிம்பு வெட்டி அட்டையில் ஒட்டப்பட்ட மூலப்படிகளில் அது இருக்காது. அது இல்லை என்பதற்காகவே படியை ஒதுக்கிவிடக்கூடாது. தாளை ஒளியில் பிடித்தால் 'வாட்மன்' ஆலையின் நீர்க்குறியும் ஆண்டும் சிலவற்றில் தெரியும். நீர்க்குறியின் ஆண்டு வெளியீட்டாண்டுக்குப் பிந்தியதாக இருந்தால் அது பின்னாளில் எடுத்த படி. அளவும் முக்கியம். 1812-16-ல் இப்படங்கள் சிறிய அளவில் மறுபதிப்பாயின. அவையும் பழையவையே, ஆனால் முதற்பதிப்பு அல்ல.

பழுதும் காப்பும்

இரு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தின் ஈரம் தாளுக்குப் பகை. பூஞ்சையால் பழுப்புப்புள்ளிகள் வரும். சட்டத்தின் பின்பலகையிலிருந்து அமிலம் ஊறித் தாள் நொறுங்கும். வெயில் படும் சுவரில் மாட்டினால் மென்மையான வண்ணங்கள் முதலில் மறையும். இவை விலையைக் குறைக்கும், ஆனால் படத்தைப் பயனற்றதாக்குவதில்லை. ஈரத்துணியால் துடைப்பது, புதுவண்ணம் பூசுவது, லேமினேட் செய்வது ஆகியவையே மீட்கமுடியாத அழிவு. ஈரம் பட்டால் கையால் தீட்டிய வண்ணம் கரைந்துபோகும்.

நூறாண்டு கடந்த ஓவியங்களும் கலைப்பொருட்களும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் வருகின்றன. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. இந்தியாவில் டேனியல்களின் படைப்புகளைப் பெருமளவில் கொண்டிருப்பது கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபம்.

வரலாற்று மதிப்பு

பயணம் நடந்தது 1792-93-ல். தொகுதி வெளிவந்தது 1807-ல். இடையே பாளையக்காரர் போர்கள் முடிந்து, 1801-ல் திருநெல்வேலிச் சீமை கம்பெனியின் கைக்குச் சென்றுவிட்டது. படத்தை அச்சாண்டைக் கொண்டு வாசிப்பவர் வேறொரு அரசின் காலத்து நிலத்தைக் கம்பெனி ஆட்சியின் நிலமாகக் கருத நேரும். மேலும், லண்டன் கலைக்கூடத்தில் அக்கால ரசனைக்கேற்ப மரங்களும் மனிதர்களும் அமைக்கப்படுவது வழக்கம். எனவே மலையின் உருவுக்கு இத்தகைய படம் ஓரளவு சான்றாகலாம்; முன்தளத்தின் சிறு விவரங்களுக்கு வேறு ஆதாரம் தேவை. ஒரு பழைய படத்தின் சந்தைவிலையைத் தாளும் மையும் தீர்மானிக்கின்றன. வரலாற்றில் அதன் இடத்தைத் தீர்மானிப்பவை அது எங்கிருந்து, எப்போது, யாருக்காக வரையப்பட்டது என்னும் கேள்விகளே.