மதிலோடு போன பதிவேடு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போறவங்க கல்வெட்டுன்னா விமானத்தைச் சுத்திதான் பாக்கறாங்க. மதிலையும் கொஞ்சம் பாருங்க. வடக்கு மதிலின் வெளிப்புறத்துல ராஜராஜன் வெட்டி வச்ச ஒரு பட்டியல் இருக்கு. பல ஊர்க் கோயில்கள்ல இருந்து கொண்டுவந்து குடியமர்த்தின 400 தளிச்சேரிப் பெண்டுகள். யார் எந்த ஊர், எந்தத் தெருவுல எத்தனாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல், எல்லாம் பேரோட. ராஜாவோட மெய்க்கீர்த்தி எந்தக் கோயில்லயும் கிடைக்கும். இந்த 400 பேர் அந்த மதில்ல மட்டும்தான் கிடைப்பாங்க.

இப்ப மகன் ஊருக்கு வருவோம். ராஜேந்திரன் உருவாக்கின கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 250 வருஷம் சோழர் தலைநகர். அங்க இப்படி ஒரு பட்டியல் கிடையாது. கோயில்ல கிடைச்ச கல்வெட்டுகள்ல பழசே அவர் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. அப்பா கோயிலுக்கு விட்ட ஊர்கள் பத்தி அதுலதான் வருது. கங்கைப் படையெடுப்பைப் பத்தியும், சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூண்னு சொல்றதையும் எங்க படிக்கிறோம்? 1905-ல் வெளிய வந்த திருவாலங்காட்டுச் செப்பேட்டுல. அந்த ஊர் எங்கயோ சென்னைக்கு மேற்கே கிடக்கு!

இங்க என்ன ஆச்சு? 1836-ல் கொள்ளிடத்துல கீழணை கட்டினாங்க. அணைக்கு கல் வேணும். பக்கத்துல மலையில்லை, கோயில் இருந்தது. சுற்றுமதிலை அனேகமா மொத்தமா பேத்து எடுத்துட்டாங்க. 1855-ல் சென்னையில் அச்சான கெஜட்டீர் ஒண்ணே இதை வெட்கத்தோட சொல்லுது. ஊர்ஜனங்க தடுக்கப் பாத்திருக்காங்க, தண்டனைதான் கிடைச்சுது. பதிலுக்கு செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு சொன்ன வாக்கும் காத்தோட போச்சு.

சென்னை மாகாணத்துக்குன்னு கல்வெட்டு அறிஞரா ஹூல்ட்ஸ் நியமிக்கப்பட்டது 1886-ல். மைப்படி எடுக்க ஆள் வர்றதுக்கு 50 வருஷம் முன்னாடியே மதில் போயாச்சு. தஞ்சையில சாதாரண ஜனங்க பேர் எழுதப்பட்ட இடம் எதுவோ, அதே இடம்தான் இங்க அணைக்குப் போச்சுங்கறதுதான் எனக்கு உறுத்துது. விமானத்துல கை வைக்கலை, நல்லவேளை. ஆனா ஒரு தலைநகரோட ஆட்டக்காரி, தையக்காரன், தச்சன், கணக்கன் யாருமே நமக்குப் பேரோட மிஞ்சலை.

அணையைத் திட்டறதுக்கும் மனசு வரலை. அங்கிருந்து வடவாறு வழியா வீராணத்துக்குத் தண்ணி போகுது. வீராணமும் சோழர் வெட்டினதுதான். என்னத்தைச் சொல்ல :-)

ஒரு பதிவேடு மட்டும் எந்தக் கான்ட்ராக்டர் கையிலயும் சிக்கலை. ஊர்ப் பேர்கள். உட்கோட்டை, ஆயுதக்களம், யுத்தப்பள்ளம், சுண்ணாம்புக்குழி, மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான்... ஒரு தலைநகரோட வரைபடமே வாய்வழியா கிடக்கு. மாளிகைமேட்டையே எடுத்துக்கங்க. மேடுதானேன்னு விடாம 1980-கள்ல தொல்லியல் துறை தோண்டினப்போ செங்கல் சுவர்களோட அரண்மனை வந்தது. மறுபடி 2021-லயும் தோண்டினாங்க. பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தவங்க அதுவரைக்கும் அதுமேலதான் ஆடு மேய்ச்சிருப்பாங்க.

அடுத்த தடவை போனா கோயிலைப் பாத்துட்டு நேரா அணைக்கரைக்கு பஸ் ஏறிடாதீங்க. ரோட்டோரம் டீக்கடையில பெரியவர் யாராவது இருந்தா, அவங்க வயக்காட்டுக்கு என்ன பேருன்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. சர்வே நம்பர் வேண்டாம், பேரு.