சூழல் வேதிப்பொருள் ஆட்படுதல் பகுப்பாய்வு

சூழல் வேதிப்பொருள் ஆட்படுதல் பகுப்பாய்வு என்பது காற்று, நீர், உணவு, தோல் ஆகியவற்றின் வழியாக ஒருவரது உடலை அடையும் வேதிப்பொருட்களின் அளவைப் பகுப்பாய்வு வேதியியல் முறைகளால் கண்டறியும் துறை ஆகும். ஓர் இடத்தில் மாசு எவ்வளவு உள்ளது என்பதும், அங்கு வாழும் ஒருவர் அதற்கு எவ்வளவு ஆட்படுகிறார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். இத்துறை இரண்டாவது கேள்விக்கு விடை காண்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான ஆய்வுப் பயிற்சி நடைபெறும் இடங்களுள் ஒன்று, சென்னையின் மேற்கே பூந்தமல்லி செல்லும் சாலையில் போரூரில் அமைந்துள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நலப் பொறியியல் துறை ஆகும்.

தேவை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இத்தகைய பேட்டைகளில் பற்றவைப்பு, மின்முலாம் பூசுதல், வண்ணம் பூசுதல் போன்ற தொழில்கள் நடைபெறுவது வழக்கம். கட்டடத்தின் கூரைமேல் பொருத்தப்பட்ட காற்றுக் கண்காணிப்புக் கருவி, முலாம் தொட்டியின் அருகே குனிந்து நிற்பவர் உள்ளிழுக்கும் குரோமியத்தைக் காட்டாது. விறகடுப்பின் முன் அமர்ந்து சமைப்பவரின் நிலையும் இதுவே. ஆகவே, மாதிரி எடுக்கும் கருவி அந்த மனிதரின் மூக்கிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவுக்குள் இருக்குமாறு ஆடையில் பொருத்தப்படுகிறது.

வடிதாளும் தராசும்

நுண்துகள்களை அளவிடச் சிறு எக்கி ஒன்று காற்றை இழுத்து ஒரு வடிதாள் வழியே செலுத்துகிறது. முன்னும் பின்னும் எடை பார்த்தால் வேறுபாடே துகளின் நிறை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், பயிற்சியின் பெரும்பகுதி இதிலேயே கழிகிறது. நிமிடத்திற்கு 0.3 லிட்டர் இழுக்கும் கருவி 24 மணி நேரத்தில் 432 லிட்டர், அதாவது 0.432 கன மீட்டர் காற்றையே இழுக்கும். 2.5 மைக்ரோமீட்டருக்குட்பட்ட நுண்துகளுக்கு இந்தியா 2009இல் விதித்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அவ்வளவு மாசு இருந்தாலும் வடிதாளில் சேர்வது 26 மைக்ரோகிராம் மட்டுமே. உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த 15 மைக்ரோகிராம் அளவில் சேர்வது வெறும் 6.5 மைக்ரோகிராம். எடையில் 3 மைக்ரோகிராம் பிழை நேர்ந்தால் முடிவு ஏறத்தாழப் பாதியளவு மாறிவிடும்.

விரல் பட்டால் ஒட்டும் எண்ணெய்ப்பசை, நிலைமின்சாரம், சென்னைக் காற்றின் ஈரப்பதம் ஆகிய எவையும் இப்பிழைக்குக் காரணமாகலாம். எனவே வடிதாள்கள் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் ஒரு நாளேனும் வைக்கப்பட்ட பின்னரே எடையிடப்படுகின்றன. காற்று இழுக்கப்படாத வெற்று வடிதாள்களும் களத்திற்குச் சென்று திரும்புகின்றன. அவற்றின் எடை கூடியிருந்தால் அது மாசு அன்று, கையாள்கையின் பிழை.

உடலில் உள்ள தடயங்கள்

விறகுப் புகையில் உள்ள பைரீன் உடலில் 1-ஹைட்ராக்சிபைரீன் ஆக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. இது நீர்ம வண்ணப்பிரிகை முறையில் பிரிக்கப்பட்டு, ஒளிர்வுக் காணியாலோ நிறை நிறமாலைமானியாலோ அளவிடப்படுகிறது. அதிகம் நீர் அருந்தியவரின் சிறுநீர் நீர்த்திருக்கும் என்பதால், முடிவு கிரியாட்டினின் அளவைக் கொண்டு சரிசெய்யப்படும். இப்பொருள் ஓரிரு நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடுவதால் மாதிரி எடுத்த நேரம் முக்கியம். இரத்தத்திலுள்ள ஈயமோ சில வாரங்களின் ஆட்படுதலைக் காட்டும். அளவு தெரிந்த பொருளை மாதிரியில் சேர்த்து அது முழுமையாக மீள்கிறதா எனச் சோதிப்பதும், கண்டறிதல் எல்லைக்குக் கீழுள்ள முடிவைச் சுழியம் என எழுதாதிருப்பதும் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்க வேண்டியவை.

போரூர் ஆய்வுகள்

இத்துறையை வளர்த்தவர்களுள் கல்பனா பாலகிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிர்க் ஸ்மித் (1947–2020) இவருடன் நெடுங்காலம் இணைந்து ஆய்வு செய்தார். கல்பனா குழுவினர் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. விறகு முதலிய எரிபொருள் பயன்படுத்தும் வீடுகளில் சமைப்போரின் 24 மணி நேரச் சராசரி ஆட்படுதல் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராமாகவும், அவ்வீடுகளில் சமையலில் ஈடுபடாதோருக்கு 90 மைக்ரோகிராமாகவும் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வாழ்வோரிடையே இவ்வளவு வேறுபாடு!

ஹேப்பின் எனும் பன்னாட்டு ஆய்வில் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். தமிழ்நாட்டுப் பணியைப் போரூர் குழு மேற்கொண்டது. ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. 2022இல் வெளியான முடிவுகளின்படி, நுண்துகள் ஆட்படுதலின் இடைநிலை அளவு இப்பிரிவில் 24.0 ஆகவும், மற்றப் பிரிவில் 70.7 மைக்ரோகிராமாகவும் இருந்தது. எனினும் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை முறையே 2,921 கிராம், 2,898 கிராம். இவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆட்படுதல் தனித்தனியே அளவிடப்பட்டிருந்ததால், பெண்கள் புதிய அடுப்பைப் பயன்படுத்தவில்லை என்று கூறி இம்முடிவை ஒதுக்க இயலவில்லை.