கேளிக்கைப் பூங்காக்களின் போட்டி

கேளிக்கைப் பூங்கா என்பது, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விட்டு, ராட்டினம், நீர்ச்சறுக்கு, செயற்கை அலைக்குளம், இருட்டுக்குகை முதலிய விநோதங்களால் ஒரு பகற்பொழுதைக் கழிக்கச் செய்யும் நிலையான ஸ்தாபனம். ஒரே பிரதேசத்தில் இத்தகைய ஸ்தாபனங்கள் இரண்டு மூன்று தோன்றிவிட்டால், அவற்றுள் எது சிறந்தது என்ற தர்க்கம் எழுவது இயல்பு. அத்தர்க்கத்தில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் அளவுகோல், எந்தப் பூங்கா எவ்வளவு சீக்கிரமாகப் புதிய விளையாட்டுகளைச் சேர்க்கிறது என்பதே. புதியன சேர்க்கும் வேகம் முதலாளியின் ஊக்கத்தைப் பொறுத்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், வந்த கண்களே மீண்டும் எத்தனை முறை வருகின்றன என்பதுதான் அந்த வேகத்தை நிர்ணயிப்பது. இவற்றின் சரித்திரத்தை அடிமுதல் பார்ப்பவர்க்கு இது விளங்கும்.

யார் பெரியவர் என்னும் வழக்கு சங்கரன்கோவிலுக்குப் புதிதன்று. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் சிவனா, திருமாலா என்று வாதிட்டு அம்பிகையிடம் முறையிட, கோமதியம்மை தவமிருந்து சங்கரநாராயணத் திருக்கோலத்தை உலகுக்குக் காட்டுவித்தாள் என்று தலபுராணம் கூறும்; அதன் நினைவாகவே ஆடித்தபசுத் திருவிழா பன்னிரண்டு நாள் நடைபெறுகிறது. இவ்வூரில் நிலையான கேளிக்கைப் பூங்கா எதுவும் இல்லை. ஆயினும், ஆடி மாதம் கொடியேறியதும் கோயிலுக்கு வெளியே ஒரு பூங்கா தானாக முளைத்துவிடும். உள்ளே பக்தர்கள் நூற்றெட்டு முறை பிராகாரத்தை வலம்வந்து ஆடிச்சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்க, வெளியே ராட்சச ராட்டினம் தன் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். தபசுக் காட்சியன்று தம் வயலில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறைவிட்டு வணங்கிய குடியானவர், அந்திப்பொழுதில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குடை ராட்டினத்தின் முன் வரிசையில் நிற்பதைக் காணலாம்.

இந்த ராட்டினத்தை நிறுத்துவதும் ஒரு கலை. லாரிகளில் துண்டு துண்டாக வந்திறங்கும் இரும்புக் கால்களை, மண் அமுங்காதிருக்கும்பொருட்டு மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின்மீது ஊன்றி, நடு அச்சை ஏற்றி, ஆரங்களை ஒன்றொன்றாகப் பூட்டி, கடைசியில் தொட்டில்களை மாட்டுவார்கள். ஜனங்களை ஏற்றும்போது ராட்டினக்காரர் வரிசைப்படி ஏற்றமாட்டார். ஒரு தொட்டிலை நிரப்பியதும் சக்கரத்தைப் பாதி திருப்பி, அதற்கு நேரெதிரே உள்ள தொட்டிலை நிரப்புவார். ஒருபக்கம் பாரம் கூடினால் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவர் எந்தப் பொறியியற் கல்லூரியிலும் படிக்காமலே அறிந்த உண்மை. பக்கத்திலே பலகைகளை நிறுத்தி வளைத்த மரணக்கிணறு. அதன் சுவரில் மோட்டார் சைக்கிள் ஏறிச் சுழலும்போது பலகைகள் அதிர்வதை மேலே நின்று எட்டிப்பார்ப்பவர்கள் தங்கள் உள்ளங்கால்களால் உணர்வார்கள். அப்பால் கொலம்பஸ் என்னும் கப்பல் ஊஞ்சல், டோரா டோரா, பேய்வீடு, முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம்.

இவற்றுள் எதுவும் புதியதன்று; பெரும்பாலானவை பாட்டனார் காலத்துச் சரக்கு. இருந்தும் ஆண்டுதோறும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பதினொரு மாதம் கண்ணில் படாமலிருந்த பொருள் பன்னிரண்டாம் மாதத்தில் வந்து நிற்கும்போது, அது பழையதாயினும் புதியதாகிவிடுகிறது. காணாமற்போவதே அதற்குப் புதுமை. ஒரே இடத்தில் வேரூன்றி நிற்கும் பூங்காவுக்கு இந்தச் சலுகை இல்லை. அது புதுமையை விலைகொடுத்து வாங்கியாக வேண்டும்.

அவ்வாறு வேரூன்றிய பூங்காக்களுள் மிகப் பிரசித்தமான பழைய பூங்கா டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1843-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டிவோலி. அது இன்றளவும் நடைபெறுகிறது. ஆனால் போட்டி என்னும் உணர்ச்சி இத்துறையில் உக்கிரமாகப் புகுந்தது, 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஐபெல் கோபுரம் எழுந்தபின், அதற்கு ஈடாக எதையேனும் நிறுத்தவேண்டும் என்று அமெரிக்கர் தவித்த தவிப்பில்தான். சிகாகோவில் 1893-இல் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்னும் பொறியாளர் அமைத்த சக்கரம் 264 அடி உயரமுடையது. பெட்டிக்கு 60 பேர் வீதம் 36 பெட்டிகளில் 2,160 பேரை ஒருசேரச் சுமக்க வல்லது. கண்காட்சி மே 1-ஆம் தேதி தொடங்கியது. சக்கரம் ஜூன் 21-ஆம் தேதிதான் சுழன்றது. புதிய ராட்டினம் சொன்ன தேதிக்கு வாராது என்ற சம்பிரதாயம் அன்று முதலே நிலைபெற்றுவிட்டது போலும்.

நியூயார்க்கின் கடற்கரையான கோனி தீவில் அடுத்த பதினைந்தாண்டுக்குள் நடந்த போட்டி, இக்கட்டுரைப் பொருளின் நடுநாயகமான அத்தியாயம். பால் பாய்ட்டன் என்பவர் 1895-இல் வேலிகட்டிக் கட்டணம் வாங்கும் பூங்காவை அங்கே தொடங்கினார். 1897-இல் ஜார்ஜ் டில்யூவின் ஸ்டீபிள்சேஸ், 1903-இல் தாம்சன், டண்டி இருவரின் லூனா பூங்கா, 1904-இல் ட்ரீம்லாண்டு என ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வளர்ந்தன. லூனாவில் இரண்டரை லட்சம் மின்விளக்குகள் என்று விளம்பரமானால், மறுவருஷமே ட்ரீம்லாண்டில் பத்து லட்சம் என்று விளம்பரம். நகரத்திலிருந்து அற்பக் கட்டணத்தில் அதே ஜனங்கள் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தமையால், சென்ற வாரம் பார்த்ததையே இந்த வாரமும் காட்டிப் பிழைக்க முடியாத நிர்ப்பந்தம் அங்கே இருந்தது. ஸ்டீபிள்சேஸ் 1907-இல் தீக்கிரையானபோது, டில்யூ மறுநாளே, எரிந்த இடத்தைப் பார்க்கப் பத்து சென்ட் கட்டணம் என்று பலகை மாட்டினார். இதைவிட விரைவாகப் புதிய காட்சியைச் சேர்த்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ட்ரீம்லாண்டும் 1911-இல் எரிந்துபோயிற்று. அது மீண்டும் எழவில்லை.

நம் காலத்தில் இந்த வழக்கை நடத்துகிற இரு பெருங்கட்சிகள் டிஸ்னியும் யூனிவர்சலும் ஆகும். வால்ட் டிஸ்னியின் முதற்பூங்கா 1955-இல் கலிபோர்னியாவிலும், அடுத்தது 1971-இல் ஃபுளோரிடா மாகாணத்து ஆர்லாண்டோவிலும் திறக்கப்பட்டன. சினிமாப் படப்பிடிப்பைக் காட்சிப்பொருளாக்கும் பூங்காவை அதே ஆர்லாண்டோவில் அமைக்க யூனிவர்சல் முனைந்தபோது, டிஸ்னி முந்திக்கொண்டு 1989 மே மாதத்தில் தன் சினிமாப் பூங்காவைத் திறந்தது. யூனிவர்சல் 1990 ஜூன் 7-இல் திறந்தது. ஆனால் அன்று அதன் பிரதான விளையாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, வந்தவர்களைச் சமாதானப்படுத்துவதே பெரும்பாடாயிற்று. சுறாமீன் துரத்தும் படகு விளையாட்டை அடியோடு திருத்தி 1993-இல்தான் மீண்டும் திறக்க முடிந்தது.

வேகத்தை ஒப்பிடுவோர்க்கு அடுத்த காலகட்டம் நல்ல கணக்கைத் தருகிறது. ஹாரி பாட்டர் உலகத்தை யூனிவர்சல் 2007-இல் அறிவித்து 2010-இல் திறந்தது. அதற்குப் பதிலடியாக அவதார் படத்தின் உலகத்தை 2011-இல் அறிவித்த டிஸ்னி 2017-இல் திறந்தது. அதற்குள் யூனிவர்சல் 2014-இல் பாட்டர் உலகத்தின் இரண்டாம் பகுதியையும் திறந்துவிட்டது. டிஸ்னியின் டிரான் என்னும் ரயில் விளையாட்டு ஆர்லாண்டோவுக்கு வருமென 2017-இல் அறிவிக்கப்பட்டு 2023-இல் வந்தது. யூனிவர்சலோ 2025 மே 22-இல் எபிக் யூனிவர்ஸ் என்று முழுப் பூங்கா ஒன்றையே புதிதாகத் திறந்தது. கட்சி கட்டிப் பேசுவோர் இத்தேதிகளை விரல்விட்டு எண்ணி யூனிவர்சலுக்கு வெற்றி என்பர். மறைந்தவற்றையும் அறிவிப்போடு நின்றவற்றையும் அவர்கள் கழிப்பதில்லை. உலகிலேயே உயரமான ரயில் விளையாட்டு என 2005-இல் நியூஜெர்சியில் எழுந்த கிங்டா கா, 456 அடி உயரத்தில் இருபதாண்டுகூட நில்லாமல் 2025-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கூட்டலை மட்டும் எழுதும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்?

இந்தியாவில் இத்துறை பிந்தியே வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரால் தில்லியில் அப்புகர் 1984-இல் திறக்கப்பட்டு 2008-இல் மூடப்பெற்றது. பம்பாயை அடுத்த கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989-இல் தோன்றியது. மும்பை–புனே பாதையில் 2013-இல் பெரும் பொருட்செலவில் தோன்றிய இமாஜிகா, கடன்சுமை தாளாமல் 2022-இல் கைமாறியது.

தமிழ்நாட்டில் முன்னோடி, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. பூங்காவாகும். சாமான்களைத் தவணைமுறையில் விற்றுப் புகழ்பெற்ற வி.ஜி. பன்னீர்தாஸ் குடும்பத்தாரின் இந்த ஸ்தாபனத்தில், எத்தனையோ ராட்டினங்கள் வந்துபோயின. ஆனால் தமிழ் ஜனங்கள் நினைவில் நிலைத்தது சிலை மனிதனே. தலைப்பாகையும் மீசையுமாக ஒருவர் வாயிலில் அசையாது நிற்பார். எதிரே நின்று கோமாளித்தனம் செய்து அவரைச் சிரிக்கவைக்க முயலாத குழந்தை இல்லை. குழந்தை தோற்றபின் தகப்பனார் முயல்வார். எல்லாப் பூங்காக்களும் மேலும் வேகமாகச் சுழற்றுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்த துறையில், அசையாதிருப்பதையே விநோதமாக்கிய யுக்தியை இந்த எழுத்தாளர் முதலிடத்தில் வைக்கத் தயங்கார்.

தாம்பரம் அருகே 1995-இல் கிஷ்கிந்தா தோன்றியது. அதை நிறுவிய நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான மை டியர் குட்டிச்சாத்தானைத் தயாரித்தவர். வானர ராஜ்யத்தின் பெயரைப் பூங்காவுக்கு இட்டது பொருத்தமே. உள்ளே போனவர் எவரும் மரத்துக்கு மரம் தாவும் மனநிலையை அடைந்துவிடுவர். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூவிருந்தவல்லிக்கு அப்பால் பெங்களூர்ச் சாலையில் குயின்ஸ்லாந்து, நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், பேரூர்ப் பக்கம் கோவைக் கொண்டாட்டம், மதுரை பரவையில் அதிசயம், கன்னியாகுமரியில் பே வாட்ச் என்று இவை பல்கின.

இவற்றுள் எதுவும் ஆர்லாண்டோ வேகத்தில் புதியன சேர்த்ததில்லை. இதைச் சோம்பல் என்று பழிப்பவர், வாயிலில் நிற்கும் பேருந்துகளைப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டுப் பூங்காக்களுக்குப் பெரும் ஆதாரம் பள்ளிக்கூடச் சுற்றுலா. சங்கரன்கோவிலிலிருந்து இரவில் புறப்பட்டு, பின்னிருக்கையில் பாட்டும் முன்னிருக்கையில் வாந்தியுமாக விடியற்காலையில் போய்ச்சேரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, இருபதாண்டுப் பழைய ராட்டினமும் முதன்முதலாகக் காணும் ராட்டினமே. அடுத்த வருஷம் வருவது அடுத்த எட்டாம் வகுப்பு. வருஷச் சீட்டு வாங்கி மாதமொருமுறை வந்துபோகும் ஃபுளோரிடாவாசியைத் திருப்திசெய்யப் புது விளையாட்டு வேண்டும். இங்கோ பிள்ளைகளே புதிதாக வருகிறார்கள். குற்றாலத்தில் யாரும் புதிய அருவி எதையும் சேர்க்கவில்லை. சாரல் விழுந்தால் ஜனங்கள் போகிறார்கள் அல்லவா?

இந்த அமைதியைக் கலைக்க வந்தது கேரளத்து வொண்டர்லா. மின்னழுத்தச் சீராக்கிகள் விற்ற வி-கார்டு கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, 2000-இல் கொச்சியருகே வீகாலாண்டு என்ற பெயரில் இதைத் தொடங்கினார்; அது 2005-இல் பெங்களூரையடுத்த பிடதியிலும், 2016-இல் ஹைதராபாத்திலும், 2024-இல் புவனேசுவரத்திலும் கிளைவிட்டது. விளையாட்டுப் பொறிகள் பலவற்றைச் சொந்தத் தொழிற்கூடத்திலேயே செய்துகொள்வது இந்த நிறுவனத்தின் பலம். வெளிநாட்டு விலைக்கும் கப்பல் கூலிக்கும் காத்திருக்க வேண்டிய போட்டியாளர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் சென்னைக்கு வர அதற்கே ஏறக்குறைய பத்தாண்டு ஆயிற்று. கேளிக்கை வரியில் விலக்கு வேண்டும் என்ற பேச்சு நீண்டுகொண்டே போனது முக்கிய காரணம். முடிவில், திருப்போரூரையடுத்த இள்ளலூரில், 60 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட முதலீட்டில், 2025 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்க, தலைகீழாகவும் சுழற்றும் தஞ்சோரா என்னும் ரயில் அங்கே பிரதானம்.

போட்டி வந்துவிட்டதால் மற்றவர்களும் அவசரப்படுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். அவசரத்தின் விலையையும் சென்னை அறியும். 2016 மே மாதத்தில் ஒரு பூங்காவில் புதிய ராட்டினம் ஒன்றைச் சோதித்து ஓட்டியபோது அது விழுந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே மாதத்தில் வேறொரு பூங்காவில் ராட்டினம் உயரத்தில் நின்றுவிட, முப்பதுக்கு மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் ஏணி வண்டி கொண்டுவந்து இறக்கினர். முந்தியது புதுப் பொறியின் சோதனையிலே நேர்ந்தது. பிந்தியது ஓடிக்கொண்டிருந்த பொறி பாதியில் நின்றதால் நேர்ந்தது. புதியது சேர்க்கும் பணமும் பழையதைப் பேணும் பணமும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. எந்தப் பூங்காவும் தன் விளம்பரத்தில், இவ்வருஷம் அச்சுகளையெல்லாம் மாற்றினோம் என்று எழுதுவதில்லை.

ஆடித்தபசு முடிந்த மறுநாள் சங்கரன்கோவிலில் ராட்டினத்தைக் கழற்றுகிறவர்கள், முதலில் தொட்டில்களையும், பிறகு ஆரங்களையும், கடைசியாக அச்சையும் இறக்கி, மசகு துடைத்து, ஒவ்வொரு முளையாணியையும் எண்ணிச் சாக்கில் போடுகிறார்கள். ஒன்று குறைந்தால் லாரி புறப்படாது.