ஹானன் மரமும் தங்கவயலின் முன்னோடிகளும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி நகரில் ஹானன் மரம் என்று ஓர் இடம் உண்டு. 1893 ஜூனில் பேட்ரிக் ஹானன் என்ற அயர்லாந்துக்காரர், ஃபிளானகன், ஷே என்ற இரு கூட்டாளிகளோடு அங்கே தங்கம் கண்டார். அதன் நினைவாக வைத்த மரம் அது. ஊரின் பிரதானத் தெருவுக்கும் ஹானன் பெயர்தான்.

நம் கோலார் தங்கவயலின் கதையிலும் ஓர் அயர்லாந்துக்காரர் வருகிறார். நியூசிலாந்துப் போரில் சிப்பாயாக இருந்து, பெங்களூர் கண்டோன்மென்டில் குடியேறிய மைக்கேல் லவெல். 1873-ல் மைசூர் அரசிடம் தங்கம் தேட அனுமதி கேட்டார். அவர் பெயரைச் சொல்ல இன்றும் பெங்களூரில் லவெல் ரோடு இருக்கிறது.

ஆனால் அவரைக் கோலாருக்கு இழுத்தது லெப்டினன்ட் ஜான் வாரன் எழுதிவைத்த பழைய குறிப்பு. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த வாரன், தங்கம் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகம் பகுதிக் கிராமத்தார் மாட்டுவண்டிகளில் மண்ணை ஏற்றிவந்தார்கள். அவர் கண்ணெதிரே தண்ணீரில் அலசி, பொன்துகளைப் பிரித்துக் காட்டினார்கள். தங்கவயலின் முன்னோடிகள் என்றால் முதலில் இவர்களைத்தானே சொல்ல வேண்டும்? வாரன் பெயர் ஏட்டில் ஏறியது. மண் அலசியவர்களில் ஒருவர் பெயரையும் யாரும் எழுதிவைக்கவில்லை.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தபிறகு ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை. அங்கே மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகளில் குடியிருந்து, கேஜ் என்ற கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆழம் கூடக்கூட வெக்கையும் கூடியது. பாறையே திடீரென வெடித்து ஆட்களை மூடிய நாட்கள் பல. தப்பியவர்களிலும் எத்தனையோ பேரின் நுரையீரலைப் பாறைத்தூள் அரித்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தது இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். அந்தச் சாதனையைப் பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்கின்றன. கேஜில் இறங்கியவர்களைப் பற்றிச் சொல்வது குறைவு.

2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. கடைசி ஷிப்ட் பார்த்தவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். தங்கவயலில் முன்னோடிகளுக்கென்று ஒரு மரம் நடுவதானால், அதனடியில் வைக்கும் கல்லுக்கான பெயர்களை அவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)