குவாய் பாலம்: யாருக்கு யார் விசுவாசம்?

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) பார்க்காதவங்க கூட அந்த விசில் மெட்டைக் கேட்டிருப்பீங்க. டேவிட் லீன் இயக்கி 7 ஆஸ்கர் வாங்கின படம். கதை நடக்கிறது சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. படம் பிடிச்சது இலங்கையில், கித்துள்கலை பக்கம் ஓடுற களனி ஆற்றில். போர்ப்படம்னு சொன்னாலும் இதில் சண்டை குறைச்சல்தான். ஒரு சிப்பாய் யாருக்கு விசுவாசமா இருக்கணும் என்பதுதான் படம் முழுக்க ஓடுற கேள்வி.

கர்னல் நிக்கல்சன் (அலெக் கின்னஸ்) விதிக்கு விசுவாசம். தலைமையகம் சரணடையச் சொன்னதால் தப்பிச்சு ஓடுறது கூட அவருக்கு உத்தரவு மீறல். அதிகாரிகள் மண்வெட்டி பிடிக்கக் கூடாதுன்னு ஜெனீவா ஒப்பந்தத்தை நீட்டுறார், அடி வாங்குறார், தகரப் பெட்டியில் வெந்து கிடக்கிறார், அசையல. கடைசியில் ஜெயிக்கிறார். ஜெயிச்சதும் என்ன செய்றார்? எதிரிக்கு அருமையான பாலம் கட்டித் தர்றார்! ஆள் போதலைன்னு ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடக்கிற நோயாளிகளைக் கூட எழுப்பிட்டு வர்றார்.

முகாம் தளபதி சைட்டோவுக்கு மேலிடத்து உத்தரவு மேல் விசுவாசம். தேதிக்குள் பாலம் முடியலைன்னா உயிரை மாய்ச்சுக்கணும். ஷியர்ஸுக்கு தன் உயிர் மேல் மட்டும்தான் விசுவாசம். அமெரிக்க அதிகாரி வேஷம் போட்ட சாதாரணக் கடற்படை ஆள். பாலத்தை உடைக்க வர்ற வார்டனுக்கு கொடுத்த வேலை மேல் விசுவாசம். அதுக்காகக் கூட வந்தவங்க இருக்கிற இடத்திலேயே குண்டு போடத் துணியுறார். டாக்டர் கிளிப்டன் மட்டும்தான், நாம செய்றது எதிரிக்குத் துணை போறதாகாதான்னு வாய் திறந்து கேட்கிறவர்.

இப்ப நிஜத்துக்கு வருவோம். தாமர்க்கான் முகாமில் பாலம் கட்டின கைதிகளுக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூஸி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுறதுக்கு முன்னாடி அவரைக் கிளம்பிப் போகச் சொன்னாங்க. என் ஆட்களை விட்டுட்டுப் போக மாட்டேன்னு நின்னுட்டார். முகாமில் அவர் கணக்கு ரொம்ப எளிசு: எத்தனை பேரை உயிரோட வீட்டுக்கு அனுப்ப முடியும்? சாப்பாடும் ஓய்வும் கொடுத்தா வேலை நடக்கும்னு ஜப்பானியர்கிட்ட பேரம் பேசுவார். தன் ஆள் மேல் அடி விழும்போது குறுக்கே போய் அடி வாங்குவார். இன்னொரு பக்கம் கைதிகள் கரையான் பிடிச்சு வந்து மரத்தூண்களில் விட்டாங்க :-) டூஸியை நிக்கல்சன்னு நினைச்சுட்டாங்களேன்னு அவர்கிட்ட இருந்த பழைய கைதிகள் கொதிச்சது நியாயம்தானே?

நிஜ சைட்டோவும் இருந்தார். ஓரளவு நியாயமா நடந்துகிட்டவர்னு போருக்கு அப்புறம் டூஸி அவருக்காகப் பேசினார். டூஸி 1975ல் இறந்தார். 1984ல் சைட்டோ இங்கிலாந்து போய் அவர் கல்லறையில் மரியாதை செலுத்தினார்.

படத்தில் பாலம் ஒரே நாளில் வெடிச்சுச் சிதறும். நிஜத்தில் மரப்பாலம், இரும்புப் பாலம்னு ரெண்டு. 1943ல் கட்டினது, 1945ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போடுற வரைக்கும் ரயில் ஓடிச்சு.

சரி, படத்தில் இல்லாதவங்க யார்? நம்மாளுங்க.

415 கிலோமீட்டர் பாதை அது. வேலை செஞ்ச நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவங்க 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் அதைவிடப் பல மடங்கு. மலேயாவிலிருந்து போனவங்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள். ஏற்றுமதி நின்னு தோட்ட வேலை போச்சு. மூணு மாச வேலை, நல்ல சம்பளம்னு ஆசை காட்டினாங்க. அப்புறம் வளைச்சுப் பிடிச்சு ரயில் ஏத்தினாங்க. செத்த ஆசியத் தொழிலாளிகள் 90,000 பேர் வரைக்கும்னு பொதுவான மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏன்னா கைதிகள் மாதிரி பேர் எழுதி வைக்க அவங்களுக்கு ஆள் கிடையாது.

நிக்கல்சனோட ஒழுங்கைப் பார்த்து நாம சிரிக்கிறோம். ஆனா உயிரைக் காப்பாத்தினதும் ஒழுங்குதான். 1943 மழையில் காலரா வந்தப்போ, தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடி, கக்கூஸ் குழி தோண்டு, ஈ மொய்க்காம மூடுன்னு கைதிகளுக்கு உத்தரவு போட அதிகாரி இருந்தார், பார்க்க டாக்டர் இருந்தார். பெண்டு பிள்ளைகளோட வந்த தோட்டத் தொழிலாளிக்கு டூஸியும் இல்லை, கிளிப்டனும் இல்லை. குடும்பம் குடும்பமா செத்தாங்க.

படத்தில் வர்ற விசுவாசம் எல்லாம் மேல் நோக்கிப் போறது: விதி, உத்தரவு, ராணுவத்தோட பேரு. டூஸியோடது கீழ் நோக்கி வந்தது. கீழ் நோக்கி வர்ற விசுவாசம்தான் ஆளை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும். அது யார்கிட்டேயிருந்தும் கிடைக்காதவங்கதான் நம்ம ஜனங்க.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர் பேரோட, படைப்பிரிவோட படுத்திருக்காங்க. புல்லை ஒழுங்கா வெட்டி, பூச்செடி வெச்சுப் பராமரிக்கிறாங்க. தோட்டத்திலிருந்து போனவங்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தோட 'சயாம் மரண ரயில்' நாவல் கிடைச்சா படிங்க. படத்தைப் பார்த்துட்டுப் படிச்சா இன்னும் நல்லது.